ஸ்டேஷனுக்குக் கட்டிய புடவை

ஆவுடையம்மாள் என்கிற பேரை நான் முதலில் கேட்டபோது என் கையில் ஈரப் படுக்கைவிரிப்பின் ஒரு முனை இருந்தது. மறுமுனை என் ஓரகத்தி கையில். எதிரெதிரே நின்று முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தோம். அவள் புருஷன் நல்லசிவம், அதாவது என் கொழுந்தன், மகன் பாண்டியராஜனுக்குப் பெண் பார்க்கச் சங்கரன்கோவில் பக்கம் போய் நாலு நாள் கழித்து அன்றைக்குத்தான் மட்டாஞ்சேரிக்குத் திரும்பினார். பையைக்கூட வீட்டில் வைக்காமல் நேரே நாங்கள் துவைக்கிற டோபிகானாவுக்கு வந்து நின்றார்.

"பொண்ணு முடிவாயிருச்சு. பேரு ஆவுடையம்மாள்."

"நான் பொண்ணு பேரைக் கேட்டேன். அவ ஆச்சி பேரை இல்லை" என்றாள் ஓரகத்தி.

கல்லடியில் நின்ற அத்தனை பேரும் சிரித்தோம். இருபத்தைந்து வருஷம் ஆகப்போகிறது. அந்தப் பேரை மாற்றச் சொன்னவர்கள் பிறகு நிறையப் பேர். அவள் ஒருத்தருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. சினிமாவுக்கு ஆள் சேர்த்து அனுப்புகிற ரமேஷ்பாபு, "வாயில நுழையல சேச்சி, சின்னதா ஒண்ணு வெச்சுக்கலாமா" என்று கேட்டதற்கு, "கூப்பிடக் கஷ்டமா இருந்தா கையைக் காட்டுங்க, வர்றேன்" என்றாளாம்.

எங்கள் ஆட்கள் எந்தக் காலத்திலோ பட்டாளத்துக்காரர்களின் சட்டை வெளுக்கக் கொச்சிக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பட்டாளம் போய்விட்டது, நாங்கள் போகவில்லை. இப்போது ஹோட்டல் விரிப்பு, ஆஸ்பத்திரித் துணி, கல்யாண மண்டபத்து மேஜைத்துணி. வீட்டில் பேசுவது தமிழ், பிள்ளைகள் எழுதுவது மலையாளம். ஆவுடை வந்தபோது அவளுக்கு மலையாளத்தில் தெரிந்தது சாயா ஒன்றுதான். ஆறு மாதத்தில் மீன்காரச் சேட்டனோடு மலையாளத்திலேயே சண்டை போட்டாள். சண்டை முடிந்து அவர் சைக்கிளைத் திருப்பியதும், அவர் குரலிலேயே எங்களுக்குத் திரும்பச் சண்டை போட்டுக் காட்டினாள். நான் இடுப்பை ஒருபக்கம் சாய்த்துத் துணி சுமந்து போனால் எனக்குப் பின்னாலேயே அதே சாய்ப்போடு வருவாள். நடிப்பு என்று நாங்கள் அதற்குப் பேர் வைக்கவில்லை. வாய்க்கொழுப்பு என்றுதான் வைத்திருந்தோம்.

சினிமாக்காரர்கள் வராத மாதம் மட்டாஞ்சேரியில் கிடையாது. காரை பெயர்ந்த சுவரைப் பார்த்தால் அவர்களுக்குக் கை ஊறும். ஒருநாள் எங்கள் டோபிகானாவுக்கே வந்தார்கள். காயப்போட்ட துணிகளுக்கு நடுவே கதாநாயகன் ஓடவேண்டும், நாங்கள் எங்கள் பாட்டுக்குத் துவைக்க வேண்டும், கேமராவைப் பார்க்கக் கூடாது. நாங்கள் எல்லோரும் பார்த்தோம். கேமராவைப் பார்க்காமல் யார் இருப்பார்? ஓரகத்தி பொட்டைக்கூடச் சரிசெய்துகொண்டாள். எட்டுத் தடவை எடுத்தார்கள். எட்டுத் தடவையும் ஆவுடை அதே உயரத்துக்குத் துணியைத் தூக்கி, அவன் அவளைத் தாண்டுகிற அதே நேரத்தில் கல்லில் அடித்தாள். கடைசித் தடவை அவன் சோப்புத் தண்ணீரில் சறுக்கினான். அவள் தலை நிமிரவில்லை.

ரமேஷ்பாபு வந்து கேட்டார். "அவர் விழுந்திருந்தாலும் பார்த்திருக்க மாட்டீங்களா?"

"ஹோட்டல்காரன் துணிக்கு வந்து நிக்கும்போது எவன் விழுந்தா எனக்கென்ன" என்றாள்.

"இங்க ஹோட்டல்காரன் யாரும் வரலையே."

"எனக்கு வந்திருந்தான்."

அப்படித்தான் அவளுக்குப் போன் வர ஆரம்பித்தது. தமிழச்சி வேண்டுமென்றால் அவளைக் கூப்பிடுவார்கள். பூக்காரி, கட்டடத்தில் கல் சுமக்கிறவள், ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவள், பஸ்ஸில் தூங்குகிறவள். ஒரு படத்தில் ஓடை வாருகிறவள். அதற்குச் சேறு பூசிவிட்டது போதவில்லை என்று தானே ஓடையில் இறங்கி முழங்கை வரை அள்ளிப் பூசிக்கொண்டாள். இன்னொன்றில் பிணம். வெள்ளத்தில் ஒதுங்கிய பிணமாக அரை மணி நேரம் கண்மூடிக் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்தவளை, மாமியாரான என் ஓரகத்தி வாசல் குழாயிலேயே குளித்துவிட்டு உள்ளே வா என்று நிறுத்திவிட்டாள்.

"செத்தது நானில்லையே அத்தை."

"படுத்துக் கிடந்தது யாரு?"

"நான்தான்."

"அப்போ குளி."

குளித்தாள். குளித்துக்கொண்டே, மூச்சு விடாமல் கிடப்பது சுலபம், ஈ உட்காரும்போது கிடப்பதுதான் கஷ்டம் என்று சுவருக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்குப் பாடம் நடத்தினாள்.

அவளிடம் இப்படி நிறையப் பாடம் இருந்தது. கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனுவோடு நிற்கிற கூட்டத்தில் மூன்றாவது ஆளாக நிற்பதைப் பற்றி ஒருமுறை சொன்னாள். "முன்னாடி நிக்கறவளுக்கு வசனம் இருக்கு பெரியத்தை, அழுதுக்குவா. எனக்கு ஒண்ணுமில்லை. அதனால என் மனுவுல என்ன எழுதியிருக்குன்னு நானே முடிவு பண்ணிக்குவேன். ரேஷன் கார்டா, பட்டாவா, செத்துப்போன புருஷன் பென்ஷனா? அது தெரிஞ்சுட்டா கால் தானா நிக்கும்."

"உன் புருஷன் உசிரோட இருக்கான்டி" என்றேன்.

"அந்தப் பொம்பளைக்கு இல்லை" என்றாள்.

இப்படியே எட்டு வருஷம். ஒரு படத்திலும் அவளுக்குப் பேர் கிடையாது. பூக்காரிக்குப் பூக்காரி என்றுதான் பேர். பேரோடும் வசனத்தோடும் ஒரு வேஷம் வரவேண்டும் என்று எட்டு வருஷமாகக் காத்திருந்தாள். கொரோனாவுக்கு முந்தின வருஷம் அது வந்தது. கட்டட வேலைக்கு வந்த தமிழச்சி, பேர் பேச்சித்தாய். மகளைக் காணோம். ஸ்டேஷனில் புகார் கொடுக்க வருகிறாள். காலையிலிருந்து வாசலில் உட்கார்ந்திருக்கிறாள், பிறகு உள்ளே கூப்பிடுகிறார்கள், இன்ஸ்பெக்டரிடம் ஒன்றரைப் பக்கம் பேசுகிறாள். டைரக்டர் சுதர்ஷன் என்கிற பையன். வசனத்தை மலையாளத்தில் எழுதித் தந்தார்கள். ஆவுடை தன் மகளை வாசிக்கச் சொல்லிக் காதால் கேட்டுப் பாடம் பண்ணினாள். துவைக்கும்போதும் அதுதான், கஞ்சி கலக்கும்போதும் அதுதான். எங்களுக்கெல்லாம் பாடமாகிவிட்டது.

பஜார் ரோட்டுக்குப் பின்னால் ஒரு பழைய கிடங்கை ஸ்டேஷனாக்கியிருந்தார்கள். முதல்நாள் அவளுக்குக் கொடுத்த புடவை புதுசு. அந்தப் புதுசை டீத்தண்ணீரில் ஊறவைத்து, செங்கல்லில் தேய்த்து, கரி தடவி அழுக்காக்கியிருந்தார்கள். துணியை வேண்டுமென்றே அழுக்காக்கச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறார்கள் என்று அவள் வந்து சொன்னபோது என் கொழுந்தன் நம்பவில்லை. அதைக் கட்டிக்கொண்டு வாசலில் உட்காருகிற காட்சியை எடுத்தார்கள். மூன்று மணிக்கு அடைமழை. எல்லாம் தொப்பலாக நனைந்து, படப்பிடிப்பு நின்றது. மறுநாள் லீவு, அதற்கு மறுநாள் உள்ளே எடுக்கிற காட்சி. துணிகளை ஈரத்தோடு சாக்கில் திணித்துக்கொண்டிருந்த பையனிடம், "இப்படிக் கட்டிவெச்சா நாறும் தம்பி. என் வீடு பக்கம்தான், காயவெச்சுக் கொண்டாறேன்" என்று ஆவுடை சொல்லியிருக்கிறாள். அது போதும் சேச்சி, சந்தோஷம் என்று அவனும் கொடுத்துவிட்டான். அவன் கொடுத்தது யாரிடம் என்று அவனுக்குத் தெரியாது.

காயவைக்கத்தான் கொண்டுவந்தாள். அது சத்தியம், நான் பக்கத்திலேயே இருந்தேன். மறுநாள் காலையில் மற்றத் துணிகளோடு டோபிகானாவுக்கு எடுத்துவந்தாள். அழுக்குத் துணி கையில் இருக்கிறது, தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, கல் முன்னால் இருக்கிறது. ஊறப்போட்டு, அடித்து, அலசி, கஞ்சி போட்டு, முறுக்கின கயிற்றின் இடுக்கில் செருகிக் காயவிட்டு, சிரட்டைக்கரி போட்ட பெட்டியால் தேய்த்து மடித்துவிட்டாள். வெளியிடத்துத் துணி மாறிப்போகக் கூடாதென்று நாங்கள் மூலையில் ஒரு குறி போடுவோம். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு குறி. புது இடத்துத் துணி என்றால் பாண்டியராஜன் வீட்டில் ஒரு கோடும் கீழே இரண்டு புள்ளியும். போகாத மை. அதையும் முந்தானை ஓரத்தில் போட்டுவிட்டாள். எல்லாம் முடிந்தபிறகு மடித்த புடவையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி?"

"இதைத் துவைக்கக் கூடாது பெரியத்தை. காயத்தான் வைக்கணும். கை கேக்கலை."

"அழுக்காக்கத் தெரிஞ்சவன் திரும்ப ஆக்கிக்குவான், விடு" என்றேன்.

மறுநாள் போகுமுன் அதைக் கட்டிப் பார்த்தாள். கண்ணாடி முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். புருஷனிடம், "உங்களைச் சைக்கிள் விஷயமா ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டாங்களே, அன்னிக்கு நான் என்ன கட்டிட்டு வந்தேன்?" என்று கேட்டாள். பல வருஷத்துக்கு முன்னால் திருட்டுச் சைக்கிள் ஒன்றைத் தெரியாமல் வாங்கி அவன் மாட்டிக்கொண்ட கதை அது.

பாண்டியராஜன் யோசித்தான். "கூறைப்புடவை."

"ஏன்?"

"எனக்கென்ன தெரியும்? நான் உள்ள இருந்தேன்."

"அழுக்கா வந்திருந்தா என்னையும் உங்க பக்கத்துல உக்கார வெச்சிருப்பாங்க. அதான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். தப்பாகச் செய்ததைச் சரியென்று அந்த நேரத்தில்தான் முடிவு பண்ணியிருக்கிறாள்.

கிடங்கில் நடந்ததை ரமேஷ்பாபு, ஆவுடை இருவர் வாயாலும் கேட்டிருக்கிறேன். இரண்டும் ஒன்றாகவே இருந்ததால் நம்புகிறேன். சுதர்ஷன் அவளை ஏற இறங்கப் பார்த்தானாம்.

"இது எந்தா சேச்சி? கல்யாணத்துக்கா?"

"ஸ்டேஷனுக்கு" என்றாள். பிறகு தானாகவே, "துவைச்சது என் தப்பு. உங்களைக் கேக்காம துவைச்சேன், அதுக்கு மன்னிச்சுக்கோங்க" என்றாள்.

"சரி. பத்து நிமிஷத்துல அழுக்காக்கிடலாம்" என்று அவன் ஆளைக் கூப்பிட்டான்.

"வேண்டாம் சார். இப்படித்தான் அவ வருவா."

அந்தப் பையன் கெட்டவன் இல்லை, பொறுமையாகத்தான் கேட்டிருக்கிறான். "வாசல்ல உக்காந்திருக்கும்போது அழுக்கு. எழுந்து வாசப்படி தாண்டறதுக்குள்ள வெளுத்துப்போச்சுன்னா ஜனங்க சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிப்பாங்க. அதனால வாசல்ல எடுத்ததைத் திரும்ப எடுங்க. தப்பு அங்கதான் இருக்கு."

இன்ஸ்பெக்டர் வேஷம் போட்ட பெரிய நடிகர் நாற்காலியிலிருந்து திரும்பிப் பார்த்தாராம். யாரோ சிரித்தார்கள். ரமேஷ்பாபு அவளை ஓரமாக இழுத்துப் போனார்.

"ஆவுடை, ஓடையில இறங்கிச் சேறு பூசினது நீதானே? இப்ப என்ன புதுசா?"

"அவ ஓடை வாருறவ. வேலையில அழுக்காத்தான் இருப்பா. இவ வேலையில இல்லை. பிள்ளையைக் காணோம்னு போலீஸ்கிட்ட வந்திருக்கா. இருக்கறதுலேயே நல்லதைத் துவைச்சுக் கட்டிட்டுத்தான் வருவா. அழுக்கா வந்தா வாசல்லயே விரட்டுவாங்கன்னு அவளுக்குத் தெரியாதா? சினிமாக்காரங்களுக்குத்தான் தெரியாது. ஏழைன்னா அழுக்குன்னு வெச்சிருக்கீங்க. எங்க ஆளுங்க எத்தனை தலைமுறையா கல்லுல அடிக்கறோம், எங்களைவிட வெளுப்பா யாரு உடுத்துவா?"

"பேரோட ஒரு வேஷம் கேட்டே. வாங்கிக் கொடுத்தேன். இதை விட்டா உன்னை யாரு கூப்பிடுவா?"

"கூப்பிடாட்டி போங்க" என்றாள்.

அந்தப் புடவையை அவிழ்த்து மடித்து மேஜையில் வைத்துவிட்டுத் தன் புடவையில் நடந்தே வீட்டுக்கு வந்தாள். பதினோரு மணிக்கு டோபிகானாவில் என் பக்கத்துக் கல்லில் நின்றாள். அந்த ஒன்றரைப் பக்கத்தையும் இன்ஸ்பெக்டருக்குப் பதில் எனக்குச் சொன்னாள், முதலிலிருந்து கடைசி வரை, துணியை அடித்துக்கொண்டே. நான் இன்ஸ்பெக்டராக இருந்திருந்தால் அன்றைக்கே அந்தப் பெண்ணைத் தேடிப் புறப்பட்டிருப்பேன்.

ரமேஷ்பாபு சொன்னதுபோலவே போன் நின்றது. கொரோனாவும் வந்தது, ஹோட்டல்கள் மூடி விரிப்புகளும் நின்றன. வீட்டில் உட்கார்ந்த பாண்டியராஜனுக்கு வாய் சும்மா இருக்காது. "நடிகையாரே, கஞ்சி ஆறுது" என்பான். ஓரகத்தியும், "பத்து நிமிஷ அழுக்கைக் கட்டியிருந்தா உடம்பு தேஞ்சா போயிருக்கும்" என்பாள். சொந்தத்தில் ஒருத்தர் பாக்கியில்லாமல் கேலி செய்தார்கள். நானும் ஒருநாள் கேட்டேன், வருத்தமாக இருக்கிறதா என்று. "வேஷம் போனதுல வருத்தம் இருக்கு. போகவிட்டதுல இல்லை" என்றாள்.

தியேட்டர்களைத் திறந்தபிறகு அந்தப் படம் வந்தது. நாங்கள் பன்னிரண்டு பேர் பஸ் ஏறி எர்ணாகுளத்துக்குப் போய்ப் பார்த்தோம். வரமாட்டேன் என்ற ஆவுடையை அவள் மகள்தான் இழுத்துவந்தாள். வாசல் காட்சி வந்தது. அத்தனை பெரிய திரையில் எங்கள் ஆவுடை, அழுக்குப் புடவையில், மழைக்கு முந்தின வெளிச்சத்தில். ஓரகத்தி என் தொடையில் தட்டினாள். அடுத்து உள்ளே கூப்பிடுகிறார்கள். இன்ஸ்பெக்டரின் முகம் தெரிகிறது, அவருக்கு எதிரே ஒரு முதுகு. குரலும் ஆவுடையின் குரல் இல்லை. எவளோ ஒருத்தி, தமிழச்சி என்றால் இப்படித்தான் மலையாளத்தை உடைத்துப் பேசுவாள் என்று நினைத்துப் பேசுகிறாள். தியேட்டரில் சிரித்தார்கள். மகளைக் காணாமல் தவிக்கிற பெண் பேசும்போது சிரித்தார்கள்.

"இது நம்ம ஆவுடை முதுகில்லையே" என்றாள் ஓரகத்தி.

அப்போது அந்த முதுகு திரும்பி நடந்தது. முந்தானை ஓரம் திரையில் ஒரு பாய் அகலத்துக்கு விரிந்தது. மறுபடியும் டீத்தண்ணீரில் முக்கிப் பழுப்பாக்கியிருந்தார்கள். அந்தப் பழுப்பிலும் ஒரு கோடு, கீழே இரண்டு புள்ளி. எங்கள் கண் ஆளின் முகத்துக்கு முன்னால் துணியின் மூலையைப் பார்க்கிற கண். பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் பார்த்தோம்.

"அது எங்க குறி" என்று பாண்டியராஜன் எழுந்து நின்றான். பின்வரிசைக்காரர் உட்காரச் சொன்னார். "எங்க குறி சேட்டா. அந்தப் புடவை என் பெண்டாட்டி வெளுத்தது" என்று அவருக்கு விளக்கப் போனவனை நான்தான் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தேன். அன்றிலிருந்து அவன் நடிகையாரே என்று கூப்பிட்டது கிடையாது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆவுடை ஜன்னலோரம் இருந்தாள். தோப்பும்படி தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

"வாசல்ல என்னைப் பார்த்தீங்களா? பாவமா இருந்தேன்ல?"

"ஆமாடி, ரொம்பப் பாவமா இருந்தே."

"அதான் தப்பு பெரியத்தை. பாவப்படவா அவ வந்தா? பிள்ளையைக் கேக்க வந்தா."

அதற்கப்புறமும் ஒரு வருஷம் யாரும் கூப்பிடவில்லை. பிறகு ஒரு பெண் டோபிகானாவைத் தேடிக்கொண்டு வந்தாள். பேர் மாளவிகா. கிடங்கில் எந்தக் காட்சியில் யார் என்ன உடுத்தியிருந்தார்கள் என்று எழுதிவைக்கிற வேலையில் இருந்தவள். அன்றைக்கு அவளுக்குத்தான் அதிகத் திட்டு விழுந்ததாம். இப்போது சொந்தமாகப் படம் எடுக்கப்போகிறாள். கயிற்றில் தொங்கின விரிப்புகளை விலக்கிக்கொண்டு வந்து, "ஆவுடையம்மாள் சேச்சி" என்று முழுப்பேரையும் சொல்லிக் கூப்பிட்டாள். ஓர் எழுத்துக்கூட விடவில்லை.

வேஷம் மீன் வெட்டுகிற பெண். படம் முழுக்க வருகிறவள். ஆவுடை முதலிலேயே சொல்லிவிட்டாள். "புடவை என் வீட்டுலேர்ந்து வரும். அழுக்கு எப்போ, எவ்வளவுன்னு நான் சொல்றேன். குரலும் என்னோடது."

"அதுக்குத்தான் வந்தேன்" என்றாள் மாளவிகா. "அன்னிக்கு நீங்க சொன்னதை என் நோட்டுல எழுதிவெச்சிருக்கேன். இந்தப் படத்துல உங்களை எங்கயும் அழுக்கா காட்ட மாட்டேன்."

ஆவுடை துணியைக் கீழே போட்டாள். "மீன் வெட்டறவளை அழுக்கில்லாம காட்டறதா? செதில் புருவத்துல ஒட்டியிருக்கணும். நீயும் கெடுத்துறாதே தாயி. அவ காலையில வெளுத்ததைக் கட்டிட்டு வந்து சாயங்காலம் நாறிப்போய்த் திரும்பறவ. ரெண்டும் வேணும்."

அந்தப் பெண் சிரித்துவிட்டு நோட்டை எடுத்து அதையும் எழுதிக்கொண்டாள். பிறகு ஆவுடை விடியலில் எழுந்து துறைமுகத்துக்குப் போய், மீன் வெட்டுகிற பெண்கள் பக்கத்தில் பத்து நாள் உட்கார்ந்திருந்தாள். கத்தியை எந்த விரலில் தாங்குகிறார்கள், மூக்கு அரித்தால் எதனால் சொறிகிறார்கள் என்று பார்த்தாள். தோள்பட்டையால் சொறிகிறார்களாம். வீட்டிலும் அப்படியே சொறிந்து ஓரகத்தியிடம் திட்டு வாங்கினாள். ரமேஷ்பாபுவும் போன் பண்ணி, "என்னை மறந்துடாதீங்க மேடம்" என்றார். மேடம் இல்லை, ஆவுடையம்மாள் என்றாள்.

போகிறபோது பெட்டியை நான்தான் கட்டிக்கொடுத்தேன். ஆறு புடவை, ஆறும் அவள் வெளுத்துத் தேய்த்தது. முந்தானை ஓரத்தில் குறி வேண்டுமா என்று கேட்டேன். தன் புடவைக்கு எதற்குக் குறி என்றாள்.

ஆவுடையம்மாள் இப்போது கும்பளங்கியில் மீன் வெட்டுகிற ஒரு கொட்டகையில் படப்பிடிப்பில் இருக்கிறாள். இன்றைக்குப் பதினோராவது நாள், இன்னும் ஒன்பது நாள் வேலை பாக்கி.